சாயம் விடும் மெட்ராஸ்: ஒரு விடுமுறைச் சட்டையின் நிகழ்வு ஆய்வு

1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர், இந்தியத் துணி ஏற்றுமதியாளர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் 10,000 கஜம் கைத்தறிக் கட்டத் துணி வாங்கினார். விலை கஜத்துக்கு ஒரு டாலர். அது புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க உடுப்புக் கடையின் கைக்குப் போய், சட்டையும் கோட்டும் அரைக்கால் சட்டையுமாகக் கடையில் தொங்கியது. வாங்கியவர்கள் வீட்டுச் சலவை எந்திரத்தில் வெந்நீரும் சோப்புத்தூளும் விட்டு, மற்ற துணிகளோடு போட்டார்கள். சாயம் விட்டது. சட்டை வெளிறியதோடு நிற்கவில்லை, கூடக் கிடந்த வெள்ளைத் துணியிலும் ஏறிவிட்டது. புகார், வக்கீல், இழப்பீட்டுப் பேச்சு என்று போன விவகாரம், சில மாதங்களில் தலைகீழாகத் திரும்பி, 'சாயம் விடும் மெட்ராஸ்' என்றே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் துணியாக அது ஆனது.

வணிகப் பாடங்களில் இதை விளம்பரச் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். குறையையே பெருமையாக்கினார்களாம். கைத்தறித் துணியில் விடுமுறை உடை தைக்கிறவர் இதைப் படிக்க வேண்டிய இடம் வேறு. துணி தறியிலிருந்து கடை வரைக்கும் போயிருக்கிறது. அதைத் துவைக்கும் முறை பாதியிலேயே நின்றுவிட்டது. விளம்பரம் ஒரு தடவை காப்பாற்றியது. இன்றைய ரிசார்ட் உடையில், அதாவது விடுமுறை விடுதியில் போடும் உடையில், அது மறுபடி காப்பாற்றாது. ஏன் என்பதைத்தான் இங்கே சாயத்தொட்டி, தறி, வெட்டு மேசை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.

துணி அங்கே போய்ச் சேர்ந்த வழி

மெட்ராஸ் என்ற ஊரே துணிக்காக உண்டானது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசபட்டினத்தில் இடம் பிடித்தபோது, சோழமண்டலக் கரைத் துணிதான் குறி. குடியேறுகிறவர்களுக்கு 30 ஆண்டு வரிவிலக்கு என்று அறிவித்து நெசவாளர்களை வரவழைத்தார்கள். முன்பு அங்கே கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718-ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்கு அனுப்பிய நன்கொடையில் புத்தகங்களோடு ஒன்பது பொதிச் சரக்கும் இருந்தது. அதை விற்ற பணத்தால்தான் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. 1897-ல் சியர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலில் மெட்ராஸ் சட்டை இடம்பெற்றுவிட்டது. ஆக 1958-ல் இந்தத் துணி அமெரிக்காவுக்குப் புதிதல்ல.

இன்னொரு பாதையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன எட்டு கஜக் கைக்குட்டைத் துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் 'இஞ்சிரி' என்று பெயரிட்டுப் பிறப்புக்கும் இறப்புக்கும் உடுத்தினார்கள். நெய்த கட்டத்திலிருந்து நூலை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, அதிலேயே புது வடிவம் எடுக்கும் 'பெலெட்டே பிட்டே' கலையும் அவர்களுடையதுதான். மார்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளில் தலைக்கட்டும் பாவாடையும் இந்தக் கட்டத் துணியில்தான், பெயரும் 'மெட்ராஸ்'தான். வெயில், கடல், மெல்லிய பருத்தி என்ற சேர்க்கை முதலில் அந்தத் தீவுகளில்தான் நிலைத்தது. பிற்பாடு பெர்முடாவுக்கும் கரீபியனுக்கும் விடுமுறைக்குப் போன அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் கட்டம் போட்ட அரைக்கால் சட்டையோடு திரும்ப, அது ஒரு வர்க்கத்தின் கோடை அடையாளமாயிற்று. நம் ஊரில் கைலி என்று இடுப்பில் சுற்றியதை அங்கே கோட்டாக மாட்டிக்கொண்டார்கள்.

1958: நடந்தது என்ன

நாயர் தரப்பு சொல்வது இது. துணி தென்னாப்பிரிக்கச் சந்தைக்கென்று நெய்தது. நிறம் பளிச்சென்று இருந்தது, தாவரச் சாயத்தின் வாடையும் நல்லெண்ணெய் வாடையும் தூக்கலாக இருந்தன. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் போகும் என்று விற்கும்போதே சொல்லியாயிற்று. அந்தச் சொல் ஜேக்கப்சனைத் தாண்டிப் போகவில்லை. கடைக்குப் போன உடுப்பில் துவைக்கும் குறிப்பு ஏதும் இல்லை.

இது ஒரு தரப்பின் சொல் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், குறிப்பு போகாததற்கு அந்தக் காலச் சட்டமும் இடம் கொடுத்தது. அமெரிக்காவில் துணியில் என்ன இழை, எத்தனை சதவீதம் என்று எழுதச் சொல்லும் சட்டம் அதே 1958-ல்தான் நிறைவேறி 1960-ல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இழைக் கணக்கு உண்டே தவிர, எப்படித் துவைப்பது என்பது கிடையாது. சலவைக் குறிப்பைக் கட்டாயமாக்கிய விதி 1971 கடைசியில் வெளியாகி 1972-ல் அமலுக்கு வந்தது. ஆகவே 1958-ல் ஒரு சட்டை வெறும் அளவு நம்பரோடு விற்பனைக்குப் போனால் யாரும் கேட்க முடியாது.

சோப்புத்தூளும் எந்திரமும் அன்றைய அமெரிக்க வீட்டில் புதிதாக நிலைபெற்றவை. நம் நெசவாளர் மனத்தில் 'துவைப்பது' என்றால் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது. வாங்கியவர் மனத்தில் 'துவைப்பது' என்றால் வெந்நீர், காரம், சுழற்சி. சொல் ஒன்றுதான், செய்கை இரண்டு.

ஏன் சாயம் விட்டது

தாவரச் சாயம் என்றாலே போய்விடும் என்று நினைப்பது தவறு. சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பு பேர்போனதே அது போகாது என்பதால்தான். நூலை நல்லெண்ணெயிலும் சாம்பல் காரநீரிலும் மாறி மாறி நனைத்துக் காயவைத்து, படிகாரம் ஊட்டி, அதற்குப் பிறகுதான் சாயவேரில் கொதிக்கவிடுவார்கள். வேரிலுள்ள சாயம் படிகாரத்தின் அலுமினியத்தோடு கூடி, நீரில் கரையாத சேர்மமாக இழைக்குள் உட்காரும். இதில் அவசரப்பட்டால், அதாவது எண்ணெய் ஊட்டும் தடவைகளைக் குறைத்தாலோ படிகாரம் போதாமல் போனாலோ, சாயம் இழையின் மேல் சும்மா படிந்திருக்கும். முதல் அலசலிலேயே இறங்கும்.

அவுரி வேறு ரகம். நொதித்த தொட்டியில் பச்சை மஞ்சளாகக் கரைந்து நூலில் ஏறி, காற்றுப் பட்டதும் நீலமாகி இழையில் சிக்கிக்கொள்ளும். இழையோடு வேதிப்பிணைப்பு எதுவும் இல்லை. தண்ணீரில் அவ்வளவாகப் போகாது, தேய்த்தால் உதிரும். ஒரே முக்கில் அடர்நீலம் எடுக்கப் பார்த்தால் மேலே ஏடு கட்டி, கை வைத்த இடமெல்லாம் நீலமாகும். மெல்லிய தொட்டியில் ஆறேழு தடவை முக்கி, ஒவ்வொரு தடவையும் காற்றாடவிட்டால்தான் உள்ளே போய் நிற்கும்.

மஞ்சள்தான் இந்தக் கூட்டத்தில் கெட்ட பிள்ளை. மஞ்சள்கிழங்குச் சாயத்துக்குப் படிகாரம் போன்ற ஊட்டுச்சரக்கு தேவையில்லை, சட்டென்று ஏறும். அதே வேகத்தில் வெயிலில் வெளுக்கும், சோப்பில் கரையும். சாம்பார்க் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை செவ்வரளிபோல் சிவப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்; சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் அதனால்தான். மஞ்சள் இழை ஓடும் கட்டத் துணியைக் காரச் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் சுழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை.

கட்டத் துணியில் இன்னொரு சங்கடம், சிவப்புப் பாவும் (நீளவாட்டு நூல்) மஞ்சள் ஊடையும் (குறுக்கு நூல்) நூலுக்கு நூல் ஒட்டிக் கிடப்பது. ஒரு நிறம் மட்டும் உறுதியில்லாமல் இருந்தால் போதும், பக்கத்து இழையைக் கெடுத்துவிடும். 1958 துணியில் கட்டங்களின் ஓரம் கரைந்து ஒன்றோடொன்று கலந்தது இப்படித்தான். விளம்பரத்தில் அழகு என்று சொல்லப்பட்டதும் இதையேதான்.

மீட்டது எப்படி

ஜேக்கப்சன் தரப்பு வக்கீல்கள் வழக்குப் போடுவதாக மிரட்டினார்கள். வழக்குக்குப் பதிலாக வந்த ஏற்பாடு, செவன்டீன் என்ற இளம்பெண்கள் பத்திரிகையில் நாயரின் பேட்டியோடு வந்த பெரிய கட்டுரை. இந்தியாவில் கையால் நெய்த அதிசயத் துணி, ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறிக்கொண்டே போகும், உங்கள் சட்டை மாதிரி இன்னொருவரிடம் இருக்காது என்பது அதன் சாரம். 'சாயம் விடும் என்பதற்கு உத்தரவாதம்' என்ற வாசகமும் இந்தச் சமயத்தில்தான் பரவியது. விளம்பரத் துறையில் பேர்போன டேவிட் ஓகில்வி எழுதியது என்று சொல்வார்கள். கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. சாயம் விடாத மெட்ராஸ் போலி என்று நினைக்கும் அளவுக்குப் போயிற்று.

இது எடுபட்டதற்கு இரண்டு காரணம் துணியிலேயே இருந்தது. முதலாவது, கட்டம் கலந்தாலும் அசிங்கமாகாத நிறச் சேர்க்கை. சிவப்பு மஞ்சளில் இறங்கினால் ஆரஞ்சு, நீலம் மஞ்சளில் இறங்கினால் பச்சை. எல்லாம் ஏற்கெனவே கட்டத்தில் இருக்கிற நிறங்கள். வெள்ளைத் தளத்தில் கருஞ்சிவப்புக் கோடு போட்ட துணியாக இருந்திருந்தால் எந்த வாசகமும் காப்பாற்றியிருக்காது. இரண்டாவது, கட்டுரை சாயம் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டது. தனியாக, குளிர்ந்த தண்ணீரில் துவைக்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. சட்டையில் தைத்திருக்க வேண்டிய சலவைக் குறிப்பைப் பத்திரிகை பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை.

ரிசார்ட்டில் அந்த வாசகம் ஏன் செல்லாது

கல்லூரிப் பையனின் சட்டை அவன் வீட்டில் துவைக்கப்பட்டது. ரிசார்ட் உடையை யார் துவைக்கிறார்கள்? விருந்தினர் பையில் போட்டுக் கதவில் மாட்டுவார். விடுதிச் சலவைக்கூடத்தில் எல்லா அறைத் துணியும் நிறவாரியாகக் குவிந்து, 60 டிகிரியில், ஒளிரும் வெண்மைக்கான சோப்போடு சுழலும். லேபிளைத் திருப்பிப் பார்க்க அங்கே ஆளுக்கு நேரமில்லை. அதற்கு முன்பே, ஈர நீச்சலுடை மேல் போட்ட சட்டை வெள்ளைச் சாய்வு நாற்காலியில் சிவப்புத் தடம் பதித்திருக்கும். தன் உள்பனியனைக் கெடுத்துக்கொள்ள ஒருவர் சம்மதிக்கலாம், விடுதியின் நாற்காலிக்கு அவர் சம்மதம் தர முடியாது.

இந்த உடைக்கு வரும் தாக்குதலும் வேறு. குளத்துக் குளோரின், கடல் உப்பு, வியர்வை, வெயில், சன்ஸ்கிரீன் எல்லாம் ஒரே பகலில் சேர்ந்து படும். சாயத்தின் உறுதியைச் சோதிக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 105 வரிசையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சோதனை உண்டு: சலவைக்கு சி06, கடல்நீருக்கு ஈ02, குளோரின் நீருக்கு ஈ03, வியர்வைக்கு ஈ04, வெயிலுக்கு பி02, உரசலுக்கு எக்ஸ்12. வியர்வையும் வெயிலும் சேர்ந்து தாக்குவதற்கு பி07. கழுத்துப் பட்டையும் தோளும் மட்டும் வெளுத்துத் திரும்பி வரும் சட்டைகளுக்கு இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்த்ததுதான் பெரும்பாலும் காரணம். தனித்தனியாக வெயிலுக்கும் வியர்வைக்கும் தேறிய சாயம் இரண்டும் சேர்ந்தால் தோற்கும். ஈ03-ல் லிட்டருக்கு 20, 50, 100 மில்லிகிராம் குளோரின் என்று மூன்று அடர்த்தி இருக்கிறது. மேல்சட்டைக்கு 20 போதும், நீரில் இறங்கும் உடைக்கு 50-க்குக் கீழே ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சன்ஸ்கிரீன் கறைக்கு எந்தச் சாயமும் பொறுப்பல்ல. அதிலுள்ள அவோபென்சோன், தண்ணீரில் இரும்பு இருந்தால் துருக்கறைபோல் ஆரஞ்சாகப் படியும். காலர் உட்புறத்தில் வரும் அந்த ஆரஞ்சுக் கறையைச் சாயம் இறங்கியதாக நினைத்து நெசவாளரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. குளோரின் பிளீச் போட்டால் இந்தக் கறை இன்னும் அழுந்தும்.

சாயப்பட்டறையில் கவனிக்க வேண்டியது

இன்று கைத்தறிக் கட்டத் துணிக்குப் போகும் நூல் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயத்தில்தான் முக்கப்படுகிறது. ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்ளும். பிணைந்தது போகாது. அப்படியிருந்தும் சாயம் விடுகிறதென்றால், பிணையாத மீதியைப் பட்டறை கழுவி விடவில்லை என்று பொருள். தொட்டியில் போட்ட சாயத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, அடர்நிறத்தில் அதற்கு மேலும், இழையோடு பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துவிடும். இந்தச் செத்த சாயம் நூலில் ஒட்டிக்கொண்டு, நிறம் நன்றாகப் பிடித்துவிட்டதுபோல் கண்ணை ஏமாற்றும்.

ஒரு கட்டு நூலை எடுத்துக்கொள்வோம். 4.5 கிலோ, 40-ம் நம்பர் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு), அடர்சிவப்பு. நூலுக்கு 20 மடங்கு என்று 90 லிட்டர் தண்ணீர். குளிர்முறை ரியாக்டிவ் சாயம் 4 சதவீதம், அதாவது 180 கிராம். உப்பு லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் 5.4 கிலோ, ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று பங்காக. அரை மணி நேரம் நூலைத் திருப்பித் திருப்பி விட்ட பிறகு சோடா ஆஷ் லிட்டருக்கு 15 கிராம், மொத்தம் 1.35 கிலோ, தனியாகக் கரைத்து ஊற்ற வேண்டும். சோடாவை நூலின் மேல் நேராகத் தூவினால் அந்த இடத்தில் மட்டும் சாயம் பிடித்துத் திட்டு விழும். அதன்பின் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்.

இதுவரை எல்லாப் பட்டறையும் ஒழுங்காகச் செய்யும். பிரச்சினை இதற்குப் பிறகு. இரண்டு தடவை தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும். உப்பு இருக்கும்வரை செத்த சாயம் நூலை விட்டு வராது. லிட்டருக்கு ஒரு கிராம் அசிட்டிக் அமிலத்தில் காரத்தை நடுநிலையாக்க வேண்டும். பிறகு கொதிநிலையை ஒட்டிய வெந்நீரில், லிட்டருக்கு 2 கிராம் சோப்போடு 15 நிமிடம். இதைத் தண்ணீர் தெளியும்வரை, அடர்நிறத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை செய்ய வேண்டும். வெதுவெதுப்பான நீரில் எத்தனை முறை அலசினாலும் இதற்கு ஈடாகாது. தண்ணீர், விறகு, நேரம் மூன்றும் செலவாவது இங்கேதான், பட்டறை மிச்சம் பிடிப்பதும் இங்கேதான். சாயக் கூலியைக் கறாராகக் குறைத்துப் பேசுகிறவர் இந்த இரண்டாவது கொதிப்பைத்தான் குறைத்துக்கொள்கிறார். அது அவருக்கே தெரிவதில்லை.

குளோரின் படும் உடைக்கு ரியாக்டிவை விட வாட் சாயம் நல்லது. காஸ்டிக் சோடா என்ற காரமும் ஹைட்ரோஸ் என்ற ஒடுக்கும் பொருளும் போட்டுக் கரைத்து ஏற்றி, காற்றில் மீட்பது, அவுரித் தொட்டியின் தத்துவம்தான். நீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு எல்லாம் திடமாகக் கிடைக்கும். பளிச்சென்ற சிவப்பு மட்டும் வாட்டில் சரியாக வராது. அதனால் தளம் வாட், சிவப்புக் கோடு மட்டும் ரியாக்டிவ் என்று கலந்து நெய்வதே நடைமுறை. சோதனையில் தோற்பதும் பெரும்பாலும் அந்தச் சிவப்புக் கோடாகத்தான் இருக்கும். பழைய நாப்தால் சிவப்பு மலிவு, பார்வைக்கும் அருமை. உரசலில் உதிரும் என்பதோடு, அதில் சில வகை, புற்றுநோய் அபாயத்தால் தடைசெய்யப்பட்ட அமீன் என்ற வேதிப்பொருள்களை வெளியிடும். ஐரோப்பாவில் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே போகாது.

நெய்த பிறகு சோதிப்பது காலம் கடந்த வேலை. சாயம் போட்ட சிட்டத்திலிருந்து (நூல் கற்றை) ஒரு பிரி எடுத்து, வெள்ளை நூலோடு சடைபோல் பின்னி, 40 டிகிரியில் லிட்டருக்கு 4 கிராம் சோப்புத்தூள் போட்டு 30 நிமிடம் குலுக்கி, பிரிக்காமலே உலர்த்திப் பார்க்க வேண்டும். வெள்ளை நூல் சடை மாறும் இடங்களில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் சிட்டம் பட்டறைக்கே திரும்பட்டும். இன்னொரு கொதிப்போடு சரியாகிவிடும். துணியானபின் அதே கோளாறைத் தீர்க்க வழி கிட்டத்தட்ட இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பும்போது 10 × 4 சென்டிமீட்டர் துண்டை எல்லா நிறக்கோடும் வருகிறமாதிரி வெட்ட வேண்டும். பெரிய கட்டமென்றால் ஒரு துண்டு போதாது. 1 முதல் 5 வரை (5 என்றால் கறையே இல்லை) மதிப்பிடும் சாம்பல் அளவுகோலில் கறை 4-க்குக் குறையக் கூடாது, அடர்நிற ஈர உரசலுக்கு 3 வரை விட்டுக்கொடுக்கலாம்.

வீட்டில் சொல்லும் உப்பு, வினிகர் வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் அந்தத் தண்ணீரில் குறைவாகக் கரையும், அவ்வளவுதான். அடுத்த நல்ல தண்ணீரில் வழக்கம்போல் இறங்கும்.

தறியும் வெட்டு மேசையும்

சட்டைக்கு 40-ம் நம்பர் பாவும் ஊடையும், அங்குலத்துக்கு 72 × 60 இழை என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 80 கிராம் வரும்; காற்றோட்டமும் மறைப்பும் இரண்டும் இருக்கும். 60-ம் நம்பரில் 80 × 72 போனால் 60 கிராம் அளவுக்கு இறங்கி, ஈரமானால் உடம்பு தெரியும். மேலே போர்த்தும் அங்கிக்குச் சரி, சட்டைக்கு ஆகாது. அரைக்கால் சட்டைக்கு 2/40 முறுக்கு நூலில், அதாவது இரண்டு 40-ம் நம்பர் இழையைச் சேர்த்து முறுக்கியதில், 48 × 44, சுமார் 110 கிராம். இதற்கும் குறைந்தால் உட்காரும் இடத்தில் தையல் ஓரமாக நூல் விலகும்.

கட்டம் பொருத்துவதில்தான் கைத்தறி ஆலைத் துணியிலிருந்து பிரிகிறது. 6 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பும் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 60 ஊடை, ஆக ஒரு கட்டத்துக்கு 360. நெசவாளர் ஊடையை எண்ணித்தான் நிறம் மாற்றுகிறார். மாலையில் கை சற்றுத் தளர்ந்து அங்குலத்துக்கு 58 ஊடையாக விழுந்தால், அதே 360 ஊடைக்கு 6.2 அங்குலம் ஓடிவிடும். சட்டையின் பக்கத் தையல் 18 அங்குலம், மூன்று கட்டம். முன்பக்கம் காலைத் துணியிலும் பின்பக்கம் மாலைத் துணியிலும் வெட்டியிருந்தால், அக்குளில் சேரும் கோடு இடுப்பில் அரை அங்குலத்துக்கு மேல் தள்ளி நிற்கும். தையல்காரர் இழுத்துப் பிடித்து ஒட்டவைப்பார். முதல் சலவையில் அந்த இழுப்பு சுருங்கி, பக்கவாட்டில் சுருக்கம் விழும்.

இதற்கு இரண்டு பரிகாரம். தறியில், எண்ணிக்கையோடு ஒரு கட்டத்தின் நீளம் வெட்டிய கெட்டி அட்டையையும் கொடுத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் துணிமேல் வைத்துப் பார்க்கச் சொல்வது. ஊடை இரண்டு குறைந்தாலும் நீளம் சரியாக இருக்கட்டும் என்று நெசவாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் எண்ணிக்கையைத்தான் காப்பாற்றுவார். வெட்டு மேசையில், ஒரு சட்டையின் முன், பின், கை, பை எல்லாவற்றையும் துணியில் அடுத்தடுத்த இடத்திலிருந்தே எடுப்பது. பத்து அடுக்கு விரித்து ஒரே வெட்டாக வெட்டும் பழக்கம் கைத்தறிக் கட்டத்துக்கு ஒத்துவராது. இரண்டு அடுக்குக்கு மேல் போனால் அடிமடிப்பில் கட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கட்டம் இடவலம் ஒத்ததா என்பதை மாதிரித் துண்டிலேயே பார்க்க வேண்டும். மெட்ராஸ் கட்டம் பல சமயம் ஒருபக்கச் சாய்வானது. சிவப்புக்குப் பக்கத்தில் நீலம், அப்புறம் மஞ்சள் என்று ஒரே திசையில் ஓடும். இப்படிப்பட்ட துணியில் பேட்டர்னைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மிச்சம் பிடிக்க முடியாது. 6 அங்குலக் கட்டத்துக்கு, சாதாரணத் துணியை விட 15 முதல் 20 சதவீதம் கூடுதல் போட்டுத்தான் விலை கணக்கிட வேண்டும். கட்டிங் மாஸ்டர் இதைச் சொல்லும்போது பேராசை என்று நினைக்க வேண்டாம்.

சுருக்கத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 60 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, நடுவே 50-க்கு 50 நூலால் குறியிட்டு, மூன்று தடவை துவைத்து உலர்த்தி அளக்க வேண்டும். 47.5 என்று வந்தால் 5 சதவீதம்; 72 சென்டிமீட்டர் நீளச் சட்டையில் 3.6 சென்டிமீட்டர் போய்விடும். பாவுக்குப் போட்ட கஞ்சி விறைப்பில் புதுத்துணி நன்றாக நிற்பதுபோல் தோன்றும், நம்பக் கூடாது. வெட்டுவதற்கு முன்பே முழுத் துணியையும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, கரையை இழுக்காமல் நிழலில் உலர்த்துவதுதான் வழி. ஒட்டுக்கட்டம், அதாவது பல கட்டத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டித் தைக்கும் மெட்ராஸ் தைக்கிறவர்கள் இதை விட்டால் முழுச் சரக்கும் போச்சு. ஒரு சதுரம் 3 சதவீதமும் பக்கத்துச் சதுரம் 6 சதவீதமும் சுருங்கினால், சட்டை அப்பளம்போல் உப்பிக்கொள்ளும்.

அந்தக் கலங்கிய நிறமே வேண்டுமென்றால்

கட்டத்தின் ஓரம் கரைந்த அந்தத் தோற்றத்தைக் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. சாயம் விடுவதை வாங்குகிறவர் வீட்டுக்கு அனுப்பாமல், பட்டறையிலேயே விடவைத்து முடிக்க வேண்டும். தளமும் முக்கிய நிறங்களும் வாட். இரண்டே இரண்டு கோடு மட்டும் டைரக்ட் சாயம். பருத்தியில் பிணைப்பின்றி ஏறுவதால் வெந்நீரில் இறங்கிப் பக்கத்து இழையைக் கறைப்படுத்தும். எந்த இரண்டு என்பதை, கலந்தால் வரும் மூன்றாவது நிறம் கட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். துணியை வெட்டுவதற்கு முன், 20 மடங்கு தண்ணீரில் 50 டிகிரியில் மூன்று அலசல், ஒவ்வொன்றும் 20 நிமிடம். மூன்றாவது தண்ணீர் வெறும் இளநிறமாக வந்ததும் நிறுத்தி, கேட்டயானிக் ஃபிக்ஸர் கொடுத்து மீதிச் சாயத்தைப் பூட்ட வேண்டும். ஃபிக்ஸர் கொடுத்தால் வெயில் தாங்கும் தன்மை கொஞ்சம் குறையும். ஆகவே பி02 சோதனையை ஃபிக்ஸருக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும், முன்பு எடுத்த அறிக்கை செல்லாது.

ஒரே தொட்டியில் அலசிய துணியை ஒரே ஆர்டருக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தொட்டி வேறு நிறத்தில் வரும். சட்டையின் உட்புறம் தைக்கும் லேபிளில் 'கையால் நெய்தது, இயற்கையான மாறுபாடு இருக்கலாம்' என்ற வழக்கமான வாசகத்துக்குப் பதில் இப்படி எழுதலாம்: முன்கூட்டியே சாயம் கலக்கவிட்டு முடித்த துணி. 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். முதல் மூன்று தடவை தனியாக. குளோரின் நீரில் நனைந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசவும். இதே நான்கு வாக்கியத்தை விடுதியின் சலவைக்கூடத்துக்கும் தனி அட்டையில் அனுப்பிவைத்தால், அங்கே சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.